துரைராசு துண்டை எடுத்தார்

எங்கள் சேத்தியன்குடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசை என்பது ஆள் நிற்பதல்ல, துண்டு கிடப்பது. அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிக் குவித்ததும் குவியலின் உச்சியில் தோள்துண்டைப் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு டீ குடிக்கப் போகலாம், குளிக்கப் போகலாம், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டுக்கூட வரலாம். துண்டு கிடக்கும்வரை முறை அவருடையது. டோக்கன், ஆன்லைன் பதிவு எல்லாம் வந்துவிட்டது. இருந்தாலும் பட்டியல் எழுத்தர் ராஜ்குமார் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரை அல்ல, துண்டைத்தான். துண்டில்லாத குவியலை அவர் தொடமாட்டார். துண்டை எடுத்துவிட்டால் ‘எனக்கு முறை வேண்டாம், நான் போகிறேன்’ என்று அர்த்தம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து யாரும் அப்படி எடுத்ததில்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் துரைராசு எடுத்தார்.

எடுத்ததோடு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், வெண்ணாற்றுக் கரைப்பக்கம் ஓடினார். விஷயம் இவ்வளவுதான். அவர் சம்சாரம் மங்களாம்பிகை போன் செய்திருந்தார். “உளுந்துல ஆடு எறங்கிடுச்சுங்க. இருபது உருப்படி இருக்கும். நான் ஒருத்தி எந்தப் பக்கம்னு பத்துவேன்? வாங்க சீக்கிரம்!” ஆட்டை விரட்டக் கையில் ஏதாவது வேண்டும். எட்டிய தூரத்தில் துண்டு கிடந்தது. இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார். ஆனால் போன் அவர் காதில் மட்டும்தானே பேசியது? களத்திலிருந்த நாங்கள் முப்பத்திரண்டு பேர் பார்த்தது, துண்டை எடுத்துக்கொண்டு ஓடும் ஒரு மனிதரை.

துரைராசு ஓடுகிற ஆளே அல்ல. வயது ஐம்பத்தெட்டு. பஸ் கிளம்பி உறுமினாலும் நடந்துதான் வருவார். சொந்த நிலம் கிடையாது. மூன்றரை ஏக்கர் குத்தகை. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் நிவாரணம் பட்டா வைத்திருப்பவருக்குப் போகும், அந்தப் பட்டாக்காரர் சென்னையில் இருக்கிறார். துரைராசுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்தக் குவியல். தொண்ணூற்றாறு மூட்டை. அதைப் போட்டுவிட்டு ஒருவர் ஓடுகிறார் என்றால் நாங்கள் என்னதான் நினைப்பது?

“அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு” என்றார் என் பக்கத்துக் குவியல்காரர். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. நானும் எழுந்து ஓடினேன். மறைப்பானேன், ஓடியவர்களில் ரெங்கசாமியாகிய நான்தான் மூன்றாவது.

பதினொன்றரைக்குள் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றாகிவிட்டது. பன்னிரண்டுக்குப் பெரிய மழை என்றாகிவிட்டது. எதிரே சாக்கும் தார்ப்பாயும் வாடகைக்கு விடும் ஜெக்கரியா பாய் நாற்பது ரூபாய்த் தார்ப்பாயை நூற்றைம்பது ஆக்கினார். வியாபாரிகள் நெல் விலையைக் குறைத்தார்கள். குறைந்ததும் நாங்கள் வீட்டில் வைத்திருந்த நெல்லை விற்க முந்தினோம். முந்தியதும் இன்னும் குறைத்தார்கள். நாகூரிலிருக்கும் ஜெக்கரியாவின் மச்சான் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதைப் பார்த்த பதினெட்டுப் பேரும் கேட்டார்கள். ஊர்ச் சங்கத்து வங்கி வாசலில் மூன்று மணிக்கு எழுபது பேர் நின்றார்கள். சிங்கப்பூரிலிருக்கும் என் மைத்துனன் பிரபுவுக்கு நான் ஒரே ஒரு போன்தான் செய்தேன். அவன் கையிலிருந்த ஏதோ அரிசி ஆலைக் கம்பெனியின் பங்கை விற்றான். அவன் அறையில் இருந்த நாலு பேரும் விற்றார்கள். சாயங்காலம் டிவியில் ‘டெல்டாவில் பதற்றம்’ என்று ஓடியது. அதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு நிஜமாகவே பயம் வந்தது. டிவியே சொல்லுதே!

ஆறு மணிக்குத் துரைராசு திரும்பி வந்தார். ஆடுகளை விரட்டிவிட்டு, குளித்து, திருநீறு பூசியிருந்தார். துண்டைக் குவியல்மேல் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

“ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றார்.

மறுநாள் காலை வாரியத்தின் ஜீப் வந்தது.

தொற்றுணர்வுக் கட்டுப்பாட்டு வாரியம், டெல்டா மண்டலம். கொரோனா காலத்தில் இருமலைக் கண்டு மக்கள் பயப்படக்கூடாது என்று சொல்வதற்காகத் தொடங்கப்பட்டது. நோய் போய்விட்டது, வாரியம் இருந்துவிட்டது. மூட வேண்டுமானால் அதற்கென்று ஒரு தனி அலுவலர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதவியை நோய் போனதும் ஒழித்துவிட்டார்கள். ஆகவே ஐந்து வருஷமாக வாரியம் நானூறு காய்ச்சல் அளக்கும் துப்பாக்கிகளையும், நாற்பது டின் வெள்ளைப் பெயின்ட்டையும், ஒரு கொட்டகை நிறையத் தகரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு தொற்றுக்காகக் காத்திருந்தது. காத்திருந்தவர்களுக்குத் துரைராசு கிடைத்தார்.

மண்டல அலுவலர் பகலவன் ஜீப்பிலிருந்து இறங்கினார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தாடைக்குக் கீழே முகக்கவசம். வாய்க்கு அது ஏறி யாரும் பார்த்ததில்லை. பின்னால் கையில் டேப்லெட்டோடு கள உதவியாளர் ஈஸ்வரி. ஒப்பந்த வேலை. நல்ல பெண். அவர்தான் கேள்வி கேட்டார்.

“ஓடும்போது உங்க மனசுல என்ன உணர்வு இருந்துச்சுங்கய்யா?”

“ஆடு பத்துற உணர்வும்மா.”

“அப்படி ஒரு ஆப்ஷன் இல்லைங்க. பயம், கோபம், துக்கம், கொட்டாவி. இந்த நாலுல ஒண்ணு சொல்லுங்க.”

“கொட்டாவி ஒரு உணர்வாம்மா?”

“பரவுதில்லைங்களா.”

துரைராசு யோசித்தார். “ஆடு மேஞ்சிடுமோன்னு கொஞ்சம் பயம் இருந்துச்சு” என்றார். ஈஸ்வரி பயத்தைத் தொட்டார். டேப்லெட் ‘டிங்’ என்றது. பகலவன் முகம் மலர்ந்தது.

“முதல் தொற்றாளர்” என்றார் மெதுவாக. சொந்தப் பேரனைப் பார்ப்பதுபோல் துரைராசைப் பார்த்தார்.

பிறகு தொடர்பில் இருந்தவர்கள் பட்டியல். ஓடும்போது பார்த்தவர்கள் யார், அவர்களைப் பார்த்தவர்கள் யார். ஆடுகள் பார்த்தனவா என்று ஈஸ்வரி கேட்டார். பார்த்துத்தானே ஓடின என்றார் துரைராசு. இருபது ஆடுகளும் நேரடித் தொடர்பில் சேர்ந்தன. அன்று மத்தியானம் வாரிய ஊழியர்கள் இருவர் காய்ச்சல் துப்பாக்கியோடு ஆடுகளைத் துரத்திக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடினார்கள். அதைப் பார்த்து மேலும் பதினைந்து பேர் பயந்தார்கள். அவர்களும் பட்டியலில் ஏறினார்கள்.

துரைராசின் குவியலைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டில் வட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் தகரம் அடித்தார்கள். பதினான்கு நாள் அமைதிக் காப்பு என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அதன்படி துரைராசு ஓடக்கூடாது. முழங்காலுக்குமேல் வேட்டியை மடித்துக் கட்டக்கூடாது, அது ஓடப்போவதன் அறிகுறி. நின்றுகொண்டு போன் பேசக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது. வானத்தைப் பார்க்கக்கூடாது. பதினான்கு நாள் முடிந்து அச்சமின்மைச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் அவர் நெல் கொள்முதல் செய்யப்படும்.

“ஐயா, என் முறை நாளைக்குங்க” என்றார் துரைராசு.

“உங்க நெல்லுக்கு முறை வந்துடுச்சு. உங்களுக்கு வரலை” என்றார் பகலவன்.

பயத்தை அளக்க ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய அதே கிளிப்தான். மேலே ‘பயமானி’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. பதினேழுக்குக் கீழே இருந்தால் தேறிவிட்டதாகக் கணக்கு. ஏன் பதினேழு என்று நான் கேட்டேன். “நெல்லுக்கு ஈரப்பதம் பதினேழு. உங்களுக்குப் பழகின நம்பர். ஜனங்களுக்குப் புரியற மாதிரி இருக்கணுமில்ல?” என்றார் பகலவன்.

துரைராசு விரலை நீட்டினார். இருபத்து நாலு.

“எதுக்குப் பயப்படறீங்க?”

“மழை வந்துடுமோன்னுதாங்க.”

“பாருங்க, மழைன்னு சொன்னதுமே இருபத்தெட்டு ஆயிடுச்சு. அதனாலதான் மழையை நினைக்காதீங்கன்னு சொல்றோம்.”

“நெல்லை எடுத்துக்கிட்டீங்கன்னா நினைக்கமாட்டேனுங்க.”

“நினைக்காம இருந்தீங்கன்னா எடுத்துக்குவோம்.”

துரைராசு வட்டத்துக்குள் உட்கார்ந்தார். அவர் பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி வளர்ந்தவரல்ல. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரமும் பட்டியலில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். கொள்முதலும் நின்றுபோயிருந்தது. முதல் தொற்றாளரின் அமைதிக் காப்பு முடியும்வரை களமே கண்காணிப்புப் பகுதியாம். ராஜ்குமார் தினமும் வந்து துண்டுகளை எண்ணிவிட்டுப் போனார்.

நாலாம் நாளிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். “அச்சப்பட எதுவுமில்லை. வங்கியில் பணம் இருக்கிறது. கடையில் அரிசி இருக்கிறது. யாரும் ஓட வேண்டாம்.” திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் அதுவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கதவுக்குக் கதவு ஆள் வந்து நின்றார்கள். வங்கியில் பணம் இருக்கிறது என்று எதற்கு மைக் வைத்துச் சொல்கிறார்கள்? அன்று சாயங்காலமே அந்த ஊர்க் கடையில் அரிசி தீர்ந்தது. ஆட்டோ பதினாறு ஊருக்குப் போனது. பதினாறு ஊரிலும் வாரியத்தின் வரைபடத்தில் பயக் கோடு ஏறியது. வாரியத்துக்கு மேலும் இரண்டு ஆட்டோவும் பன்னிரண்டு பணியிடங்களும் அனுமதியாயின.

ஜெக்கரியா பாயின் கொட்டகைக்கு ஏழாம் நாள் முத்திரை வைத்தார்கள். ஒருவர் குவியலைத் தார்ப்பாயால் மூடினால் பக்கத்துக் குவியல்காரருக்கு அடிவயிறு கலங்குகிறதாம்; ஆகவே தார்ப்பாய் பீதி தூண்டும் பொருள். எங்கள் சொந்தத் தார்ப்பாய்களையும் உருவிக்கொண்டுபோய் உள்ளே அடுக்கினார்கள். ஜெக்கரியா கை கட்டி நின்றார்.

“நாப்பது ரூவாயை நூத்தம்பது ஆக்கினேன். அது என் தப்பு. ரெண்டு நாள்ல பள்ளிவாசல்ல தலை நிமிர்த்த முடியலை, எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துட்டேன்” என்றார். “ஆனா சார், தார்ப்பாயைப் பாத்தா பயம் வருதுன்னா, குடையைப் பாத்தா?”

பகலவன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குடைக்கும் தடை வந்தது. கேட்டது ஜெக்கரியாதான் என்று ஊரே அவரைத் திட்டியது.

பத்தாம் நாள் கல்யாண மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். வராதவர்கள் பயந்து வரவில்லை என்று எழுதப்படும் என்றதால் எல்லோரும் வந்தோம். துரைராசை மேடையில் தனி நாற்காலியில், சுற்றி வட்டம் போட்டு, உட்கார வைத்தார்கள். பகலவன் பேசினார்.

“நோய் மூச்சால பரவும். பயம் கண்ணால பரவும். சந்தைச் சரிவு போனால பரவும். மூணுக்கும் மருந்து ஒண்ணுதான். படிவம் பதினொண்ணு. அதை மூணு பிரதியா கொடுங்க. இந்த வாரியம் தொடங்கினப்போ இந்த மண்டலத்துல பயந்தவங்க எத்தனை பேர்னு ஒரு கணக்குக்கூடக் கிடையாது. கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னைக்குப் பதினோராயிரத்து நானூறு பேர்! இது ஒரே நாள்ல வந்ததில்லை. ராத்திரி பகலா உழைச்சிருக்கோம்.” கை தட்டினார்கள். “பயம் குறைஞ்சா வாரியத்தை மூடிடுவாங்கன்னு சில பேர் வெளியில பேசறாங்க. என் ஊழியர்களுக்கு நான் வாக்குக் கொடுக்கறேன். நான் இருக்கறவரைக்கும் அந்த நிலைமை வராது.”

முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர் விட்டார். வரிசை வரிசையாக அது பின்னால் போய், சமையல்கட்டு வாசலில் நின்ற ஆள்வரை சென்று திரும்பி வந்து, பகலவன் வாயிலும் ஏறியது. பேச்சை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார். ஈஸ்வரி தலை நிமிராமல் தட்டினார். இருநூற்றுப் பதினான்கு. மேடையில் துரைராசு மட்டும் கொட்டாவி விடவில்லை. அவர் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தைத்தானே பார்க்கக்கூடாது? மட்டையைப் பார்க்கலாம்.

பதின்மூன்றாம் நாள் காலையில் பயமானியில் அவர் அளவு பதினாறுக்கு வந்துவிட்டது. சாப்பாடு குறைந்து, பேச்சு நின்று, துரைராசு பாதியாகியிருந்தார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சான்றிதழ், ஐயா. இன்னைக்கு ஒரு நாள் அசையாம இருந்துடுங்க” என்று ஈஸ்வரி சொல்லும்போது அவர் குரலிலேயே ஒரு கெஞ்சல் இருந்தது.

மத்தியானம் காற்று மாறியது. கீழ்க்காற்று. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று டீக்கடை டிவியில் வந்திருக்கும், ஆனால் வானிலை அறிக்கையை அனுமதி பெற்றுத்தான் பார்க்கவேண்டும் என்பதால் கடைக்காரர் சமையல் நிகழ்ச்சி வைத்திருந்தார். களத்தில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. துரைராசைப் பார்த்தோம். பத்து வருஷம் பஞ்சாங்கம் பார்த்தவன்கூட அன்று துரைராசைத்தான் பார்த்தான்.

“துரைராசு என்ன பண்றாரு?”

“உக்காந்திருக்காரு.”

“அப்போ ஒண்ணுமில்லை.”

நான் வட்டத்தின் ஓரம் போய் நின்றேன். அவர் கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

“துரைராசண்ணே, மழை வருமா?”

“நான் மேல பாக்கக் கூடாதே ரெங்கசாமி. நீ பாரேன்.”

பார்த்தேன். கிழக்கே கரேலென்று இருந்தது. பார்த்துவிட்டு என்ன செய்தேன்? அவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று நானும் என் குவியலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். பதின்மூன்று நாள் பழக்கம். எனக்கு முதல்நாள் பயம் தொற்றியது எப்படியோ அப்படியேதான் இதுவும் தொற்றியது.

மூன்றரை மணிக்கு முதல் சொட்டு விழுந்தது. நெல்லின்மேல் விழுந்தால் அதற்கு ஒரு சத்தம் உண்டு.

துரைராசு எழுந்தார். ஈஸ்வரி குறுக்கே ஓடிவந்தார். “ஐயா, வேண்டாங்கய்யா. ஓடிட்டீங்கன்னா மறுபடி ஒண்ணாம் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும். காலைல பத்து மணிக்கு உங்க நெல்லு போயிடும்.”

துரைராசு அவரைப் பார்த்தார். தன் குவியலைப் பார்த்தார். பிறகு எங்கள் முப்பத்திரண்டு குவியலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஆடு எறங்கிடுச்சும்மா” என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். குவியலிலிருந்து துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியுமா? முப்பத்திரண்டு பேரும் ஓடினோம். ஜெக்கரியா கடப்பாரையோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். “முத்திரை அவங்களது. கதவு என்னது” என்று சொல்லிவிட்டு, முத்திரைக்கு ஒரு கீறல் படாமல், மறுபக்கத்துக் கீலைப் பெயர்த்துக் கதவைத் தள்ளினார். தார்ப்பாய்கள் கைமாறிக் கைமாறி வெளியே வந்தன. துரைராசு ஒவ்வொரு குவியலாக ஓடினார். “அந்த முனையை இழு! கல்லு வை, கல்லு!” இருபது நிமிஷத்தில் களம் முழுக்க மூடிவிட்டோம். கடைசியாக மூடியது அவர் குவியல். அதற்குள் கீழண்டைப் பக்கம் ஊறிவிட்டது.

மறுநாள் வெயில் அடித்தது. பத்து மணிக்குப் பகலவன் வந்தார், கையில் சான்றிதழுக்குப் பதில் வேறு தாள். முதல் தொற்றாளருக்குப் புதிதாகப் பதினான்கு நாள். எங்களுக்கும் பதினான்கு நாள் போட்டிருக்க வேண்டும். போட்டால் கொள்முதல் மறுபடி நின்றுபோகும், நின்றால் மேலிடம் கேட்கும். ஆகவே நாங்கள் முப்பத்திரண்டு பேரும் வாரியம் முன்கூட்டியே திட்டமிட்ட மழைப் பாதுகாப்பு ஒத்திகையில் கலந்துகொண்டதாக எழுதிக்கொண்டார்கள். எங்கள் நெல்லை எடுப்பார்கள். துரைராசு நெல்லை எடுக்கமாட்டார்கள். நாலு நாளில் அடுத்த தாழ்வு நிலை என்று ஜெக்கரியாவின் போனில் வந்திருந்தது.

துரைராசு நனைந்த நெல்லைத் தனியே இழுத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். துண்டை மறுபடி குவியல்மேல் போட்டிருந்தார். பழக்க தோஷம்தான். மங்களாம்பிகை சாப்பாட்டுத் தூக்கோடு வட்டத்துக்கு வெளியே நின்றார்.

“ஆட்டை நானே பத்தியிருப்பேன். கூறுகெட்டுப் போயி ஒரு போனைப் பண்ணிட்டேன்” என்றார். அழுதுவிடுவார்போல் இருந்தது. “உளுந்து போனாப் போவுதுன்னு விட்டிருக்கலாம்.”

“நீ என்ன பண்ணுவே?” என்றார் துரைராசு. “சாப்பாட்டைக் கொடு.”

களத்திலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. யார் யார் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பத்தேகாலுக்கு ஒருவர் தன் குவியலிலிருந்து துண்டை எடுத்தார். அவர்தான் எங்களில் முதல் முறைக்காரர். மெதுவாக நடந்து வந்தார். பெயின்ட் கோட்டைத் தாண்டி, துரைராசின் குவியல்மேல் அதைப் போட்டார். திரும்பி நடந்தார். அடுத்தவர் எழுந்தார். முதல் ஆள் நான் என்று சொல்ல ஆசைதான். நான் ஏழாவது.

பத்தரைக்கு ராஜ்குமார் எடைத்தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார். துண்டைத் தேடினார். முப்பத்திரண்டு குவியல் மொட்டையாக இருந்தது. ஒரு குவியலில் முப்பத்து மூன்று துண்டு.

“என்னய்யா பாக்கறே? மத்த குவியலை எடு” என்றார் பகலவன்.

“துண்டு இல்லையே சார்.”

“துண்டாவது மண்ணாவது! கம்ப்யூட்டர்ல இருக்கில்ல?”

“இருக்கு சார். ஆனா துண்டை எடுத்துட்டா முறை வேண்டாம்னு அர்த்தம். வேண்டாங்கறவங்க நெல்லை நான் எப்படி சார் எடுக்கறது?”

பகலவன் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. அந்தப் பதின்மூன்று நாளில் வாரியம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முகம் அது.

“இது என்ன பரவுது?” என்றார் ஈஸ்வரியிடம்.

ஈஸ்வரி டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளினார். “லிஸ்ட்ல இல்லை சார்.”

“யார் முதல்ல ஆரம்பிச்சது?”

“யாரும் ஓடலையே சார். நடந்துதான் வந்தாங்க. நடந்தா நாம பதிவு பண்றதில்லை.”

ரோட்டில் ஏழு லாரி வரிசையாக நின்றது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். பகலவன் போன் அடித்தது. நின்றுகொண்டுதான் எடுத்தார். “இல்லீங்க சார்... ஒண்ணும் பதற்றமில்லைங்க சார்... லாரி சும்மாதான் நிக்குது சார்... டிவியிலயா? எந்த டிவி சார்?” ஒரு பெருமூச்சு விட்டார். வானத்தைப் பார்த்தார்.

ஈஸ்வரி என்ன நினைத்தாரோ, பக்கத்தில் போய் அவர் இடதுகை விரலில் கிளிப்பை மாட்டினார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நாற்பத்தொன்று.

“பயம்னு போட்டுடட்டுமா சார்?”

பகலவன் விரலை உதறினார். கிளிப் நெல்லில் விழுந்தது. முன்னால் ஒரு அடி வைத்தார், பின்னால் ஒரு அடி வைத்தார், பிறகு ஜீப்பைப் பார்த்து ஓடினார். தாடையிலிருந்த முகக்கவசம் அறுந்து பெயின்ட் வட்டத்துக்குள் விழுந்தது. டேப்லெட் ‘டிங்’ என்றது.

“அவரு எதுக்குங்க ஓடறாரு?” என்றார் மங்களாம்பிகை.

துரைராசு வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். “அவரு உளுந்துல ஆடு எறங்கியிருக்கும்” என்றார்.

ராஜ்குமார் துரைராசின் குவியல் பக்கம் தராசைத் திருப்பி, “சாக்கைப் பிடிங்க” என்றார். நாங்கள் சாக்கை எடுக்கப் போனோம். ஜீப்வரைக்கும் நூறு அடி இருக்கும். அத்தனை தூரமும் பகலவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார். பின்னால் ஒருவரும் வரவில்லை.